ஓவனுக்கு முன் ஒரு நோட்டு

சங்கரன்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒரு பண்டத்தின் ஊரில் போய் இறங்கலாம். கிழக்கே போனால் கோவில்பட்டி கடலைமிட்டாய். வடக்கே ராஜபாளையத்தைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. தெற்கே திருநெல்வேலி அல்வா. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் சாத்தூர் சேவு, கடம்பூர் போளி. இன்னும் நீட்டிக் கடற்கரைக்கே போய்விட்டால் தூத்துக்குடி மக்ரூன். சங்கரன்கோவிலுக்கு என்ன என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் யோசிக்காமல் சொல்வது பிரியாணி.

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கலாம் என்று நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பட்டியலைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. இந்த ஊர்களில் யாரும் முப்பது வகை செய்து பெயர் வாங்கவில்லை. ஒன்றைப் பிடித்தார்கள், விடாமல் செய்தார்கள், வருடக்கணக்கில் அதே ருசியில் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரை வந்தது பிற்பாடு. ஊர் ஊராகப் பெயர் பரவியது அதற்கு எத்தனையோ காலம் முன்பு.

ஆனால் இப்போது வீட்டுக் கேக் தொழில் தொடங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் மாதத்திலேயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாக்லேட் டிரஃபிள், பட்டர்ஸ்காட்ச், ரெட் வெல்வெட், ரசமலாய் கேக், பிரௌனி, கப் கேக், டோனட் என்று நீளமாக ஒரு விலைப்பட்டியல் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எசன்ஸ், தனிக் கலர், தனி அச்சு. வாங்கி வைத்த பொருளில் பாதி அலமாரியிலேயே தேதி முடிந்து போகிறது. கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இருக்காது. சரக்கு தேங்கிக் கையிலிருந்த பணம் முடங்கிப் போவதால்தான் பல முயற்சிகள் ஆறு மாதத்தில் ஓய்கின்றன.

தூத்துக்குடி மக்ரூனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அது பாதாம் பருப்புப் பண்டம். இங்கே பாதாமின் இடத்துக்கு முந்திரி வந்தது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள்: மூன்றே சாமான். வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையைச் சேர்த்து, நுரை கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் பதம் வந்ததும் முந்திரித் தூளைப் பக்குவமாகக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் உலரவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளியே நிறம் மாறி உள்ளே பிசுபிசுக்கும். பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ மஞ்சள்கருவோ இருந்தால் நுரையே எழும்பாது. எங்கிருந்தோ வந்த பண்டம் இந்தக் கடற்கரையில் கிடைத்த பருப்போடு சேர்ந்து, இந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது.

கேக்குக்கும் அப்படி ஒரு கதை உண்டு. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்ற கடையைத் திறந்தார். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்று வந்தவர். அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்தின் முதலாளி மர்டோக் பிரவுன், 1883 கிறிஸ்துமஸை ஒட்டி, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் காட்டி இதைப்போல் செய்ய முடியுமா என்று கேட்டார். பாபு உள்ளூர்ச் சாமானை வைத்தே செய்து கொடுத்தார். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று தலச்சேரிக்காரர்கள் இன்றைக்கும் பெருமையோடு சொல்வது அதைத்தான். சீமையிலிருந்து சாமான் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதே அந்தக் கதையில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம்.

சங்கரன்கோவிலைச் சுற்றி அப்படி என்ன இருக்கிறது? பக்கத்திலேயே புளியங்குடி. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர் போன ஊர். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் விளையும் நிலக்கடலை. கடற்கரைப் பக்கம் உடன்குடி. அந்த ஊர்ப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்ட டீ கேக், கருப்பட்டிப் பாகில் செய்த சுக்கு கேக், வறுகடலைத் தூள் சேர்த்த பிஸ்கட் என்று யோசித்துக்கொண்டே போகலாம். இவற்றுக்குக் கிரீம் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், பஸ்ஸில் அனுப்பினாலும் உருக்குலையாது. கருப்பட்டியில் ஈரமும் லேசான புளிப்பும் இருப்பதால் சர்க்கரைக் கணக்கை அப்படியே மாற்றிப் போட்டால் கேக் நடுவில் அமுங்கிவிடும். பாகைக் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்து, மற்ற நீர்ப்பொருளைக் குறைத்து, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்துப் பார்த்துத்தான் பதம் பிடிக்க வேண்டும். அந்தப் பதம் கைவந்துவிட்டால் அது அந்த வீட்டுக்கே உரிய சொத்து.

கிரீம் கேக் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிறந்தநாள் ஆர்டர்தான் பெரும்பாலான வீட்டுத் தொழில்களைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் இந்த ஊரின் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். குற்றாலச் சாரல் இதே மாவட்டத்தில்தான் என்றாலும் சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காடு, காய்ச்சல் பூமி. வெண்ணெய் உருகும் சூடு சுமார் 32 முதல் 35 டிகிரி. சித்திரை வைகாசியில் காலை பத்து மணிக்கெல்லாம் வெளியே அதைவிடச் சூடு ஏறிவிடுகிறது. வெண்ணெயில் செய்த ரோஜாப்பூ, வாடிக்கையாளர் வீட்டுப் படியேறும் முன்பே சாய்ந்துவிடும். பேக்கரிகள் உறைநிலையில் வாங்கி அடித்துப் பூசும் பாலில்லாக் கிரீம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதையும் பாத்திரம், பீட்டர் கம்பி எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, விடியற்காலையில் அடித்தால்தான் நன்றாக உப்பும். கேக்கைப் பூசி முடித்ததும் சில மணி நேரம் நன்றாகக் குளிரவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். அதற்கு ஸ்கூட்டரின் கால்வைக்கும் தட்டையான இடம் எவ்வளவோ மேல்.

சின்ன ஓவன்களில் திருகில் 180 டிகிரி என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப முடியாது. பத்து இருபது டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கூடவே கிராம் காட்டும் எடை மெஷின். டம்ளர் கணக்கில் அளந்து செய்கிறவர்களுக்கு ஒரு நாள் வரும் ருசி மறுநாள் வராது. வீட்டுக்குச் சமைக்கும்போது அது பெரிய விஷயமில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும்போது அதுதான் விஷயமே.

இனி கணக்கு நோட்டுக்கு வரலாம்.

ஒரு சாதாரண வெண்ணெய் கேக். மைதா 250 கிராம், சர்க்கரை 250, வெண்ணெய் 250, முட்டை ஐந்து. மாவு மொத்தம் சுமார் ஒரு கிலோ வரும். வேகும்போது பத்தில் ஒரு பங்கு வரை ஈரம் போய்விடுவதால் கைக்கு வரும் கேக் சுமார் 900 கிராம்தான். அதை ஒரு கிலோ என்று சொல்லி விற்றால் எடை குறைவு. இதையே பலர் கவனிப்பதில்லை.

இப்போது விலை. மைதா கிலோ 50 ரூபாய், சர்க்கரை 44, வெண்ணெய் 600, முட்டை ஒன்று 7 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை மாறும், கணக்கின் போக்கு மாறாது. மைதாவுக்குப் பன்னிரண்டரை, சர்க்கரைக்குப் பதினொன்று, வெண்ணெய்க்கு 150, முட்டைக்கு 35. எசன்ஸ், பேக்கிங் பவுடர், தாள் எல்லாம் சேர்ந்து ஒரு பத்து. ஆக, சாமான் மட்டும் 220-ஐ ஒட்டி வருகிறது. பெட்டியும் அடி அட்டையும் 30. மின்சாரத்துக்கு ஒரு பத்து. மொத்தம் 260.

இந்த இடத்தில்தான் நோட்டை மூடிவிடுகிறார்கள். 260 ஆனது, 350-க்குக் கொடுத்தால் 90 ரூபாய் லாபம் என்று மனக்கணக்கு முடிகிறது. எதிர் வீட்டிலிருந்தும் அதே குரல்தான் வரும்: “கடையிலயே கிலோ முன்னூறுக்குத் தாறான். நமக்குள்ள என்ன மதினி, முன்னூத்தம்பது வாங்கிக்கோங்க.” மதினியும் சரி என்று தலையாட்டிவிடுவாள்.

அந்தக் கேக்குக்கு மாவு சலித்தது, அடித்தது, ஓவன் பக்கத்திலேயே நின்றது, தட்டைக் கழுவியது, பெட்டி மடித்தது, “நாலு மணிக்கு வேணுமா, அஞ்சு மணிக்கா” என்று போனில் பேசியது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் குறையாமல் ஆகும். பத்துக்கு ஒன்று கருகும், அமுங்கும், திரும்பி வரும். அதற்கு ஒரு கேக்குக்கு 40 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஓவனும் பீட்டரும் ஒரு நாள் பழுதாகும். அதற்கு 20. இந்த அறுபதையும் கழித்தால் கையில் நிற்பது 30 ரூபாய். இரண்டு மணி நேர வேலைக்கு 30 என்றால் எட்டு மணி நேரத்துக்கு 120. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் நாள் கூலியே 336 ரூபாய். வெயிலில் மண்வெட்டி பிடித்தால் கிடைக்கும் கூலியில் பாதிகூட, ராத்திரி பதினோரு மணிவரை கண்விழித்துக் கேக் செய்த பெண்ணுக்கு வரவில்லை.

மணிக்கு 75 ரூபாய் என்று தன் கூலியை முதலில் எழுதட்டும். 260-உடன் 150-ஐயும் 60-ஐயும் கூட்டினால் 470. அதற்கு மேல் வைப்பதுதான் லாபம். 550-க்கு விற்றால் 80. அந்த 80-ல்தான் தொழில் வளரும். அடுத்த அச்சு, பெரிய பீட்டர், கிறிஸ்துமஸ் சீசனுக்கு மொத்தமாக முந்திரி திராட்சை எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு விலையே இல்லை என்று நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது. அந்தப் பெண்ணே அப்படி நினைக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. அதை மாற்ற வேறு வழி தெரியவில்லை. நோட்டில் “என் கூலி” என்று ஒரு வரி எழுதுவதுதான் தொடக்கம்.

மின்சாரத்தையும் பத்து ரூபாய் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப் படிகளுக்கும் கூடுதல் விலை விழும். 2,000 வாட் ஓவன் ஒன்று தினமும் ஓடினால் சின்னக் குடும்பத்தின் பில்கூட அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். ஒரே முறை சூடேற்றி அடுத்தடுத்து மூன்று தட்டுகளை வேகவைக்கிறவர்களுக்கு இந்தச் செலவு நன்றாகக் குறையும். ஒரு பண்டத்தில் நிலைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

முட்டை விஷயத்தைச் சங்கரன்கோவிலில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சங்கரநாராயணர் கோவில் ஊர். ஆடித்தபசுக்கு ஊரே நிரம்பி வழியும். ஆடி, புரட்டாசிச் சனி, கார்த்திகை மாலை, வெள்ளிக்கிழமை என்று முட்டை தொடாத நாட்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. “அக்கா, முட்டை இல்லாமத்தானே?” என்ற கேள்வி வராத நாள் இருக்காது. கெட்டிப்பாலிலோ தயிரும் ஆப்ப சோடாவும் சேர்த்தோ முட்டையில்லாத கேக் அருமையாக வரும். ஆனால் அதே பாத்திரம், அதே பீட்டர் கம்பி என்றால் அது முட்டையில்லாத கேக் ஆகாது. இரண்டும் செய்கிறவர்கள் இரண்டு செட் பாத்திரம் வைத்துக்கொள்வது நாணயம். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பாலும் தேனும் சைவம். முட்டை சேர்ந்தால் அசைவம். பொதிந்து விற்கும் பொருளில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். முட்டைக் கேக் பெட்டியில் பச்சைப் புள்ளி ஒட்டியிருப்பதைச் சில இடங்களில் பார்க்க நேர்கிறது. அது விரதம் இருக்கும் ஒருவரின் நம்பிக்கையோடு விளையாடுவது.

பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. வீட்டில்தானே செய்கிறோம், தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறோம் என்கிறார்கள். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டையும் கடையையும் பிரிக்கவில்லை. விற்பனைக்காக உணவு செய்தால் பதிவு வேண்டும். 2011-ல் வந்த விதிமுறை ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்கும் சிறிய தொழிலுக்கு எளிய பதிவு போதும் என்றது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இத்தகைய வரம்புகளை அவ்வப்போது திருத்துவார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று இவைதான் முக்கியமாகக் கேட்பார்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது, கோதுமை, பால், முட்டை, பருப்பு வகை, நிலக்கடலை உண்டா என்ற விவரமும் அதே சீட்டில் இருக்கட்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்த ஒரு வரி உயிர்காக்கும் வரி.

இந்தச் சின்ன அனுமதியின் அருமை நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். அங்கே வீட்டில் செய்த கேக்கையோ பிஸ்கட்டையோ காசுக்கு விற்பதே 2021 அக்டோபர் வரை தடை. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாகக் கதவைத் திறந்தது அந்த மாநிலம்தான். வீட்டு பேக்கர்கள் சங்கம் சேர்ந்து வழக்குப் போட்டு, பல ஆண்டு போராடி வாங்கிய உரிமை அது. இப்போதும் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் விற்க முடியாது. இங்கே நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்காமல் விடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம்.

சாமானில் இரண்டு எச்சரிக்கை. கலர். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி கலந்திருந்ததால் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் அதைத் தடை செய்தது பலருக்கு நினைவிருக்கும். துணிக்குப் போடும் சாயம் அது. லேபிள் இல்லாமல் சிறு பொட்டலத்தில் விற்கும் கலரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. அடுத்தது பச்சை முட்டை. அதில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. வேகாத முட்டை சேர்ந்த மூஸ் போன்றவற்றைச் சங்கரன்கோவில் வெயிலில் விற்க நினைப்பதே ஆபத்து. கூடவே கேக்கோடு இலவசமாகக் கொடுக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கத்தி. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் கத்தி, கரண்டி, தட்டு எல்லாம் இருக்கிறது. மரக் கத்தி கொஞ்சம் விலை கூடுதல்தான். அதையும் நோட்டில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொருள் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று அன்னபூர்ணா உணவகத்தின் சீனிவாசன் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் எடுத்துச் சொன்னது நாடெங்கும் பேச்சானது. ஒரு தொழில் செய்கிறவர் தன் கஷ்டத்தை மேடையில் சொன்னது நியாயம். அது பிறகு அரசியலாகிப் போனது வருத்தம். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமானது. வெண்ணெய்க்கும் கெட்டிப்பாலுக்கும் 12-லிருந்து 5. பதிவே இல்லாத வீட்டுத் தொழிலுக்கும் இதில் லாபம் உண்டு. வாங்கும் சாமானின் விலையில் அந்த வரிதானே அடங்கியிருக்கிறது.

கற்றுக்கொள்ள யூடியூப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ருசிக்குப் போதும். தொழிலுக்குப் போதாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அடுமனைப் பொருட்கள் தயாரிப்பில் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. சென்னை கிண்டியில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பேக்கரிப் பயிற்சிகளை அறிவிக்கிறது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உண்டு. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய மாதிரி அது. பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். அங்கே மாவு பிசைவதோடு கணக்கு எழுதவும் வங்கிக்கு விண்ணப்பிக்கவும் சொல்லித் தருகிறார்கள். அந்த இரண்டாம் பாதிக்காகவே போகலாம்.

கடன் வாங்குவதானால் அவசரம் வேண்டாம். ஓவன், பீட்டர், எடை மெஷின், நாலைந்து அச்சு, முதல் மாதச் சாமான் எல்லாம் சேர்த்து இருபது இருபத்தைந்தாயிரத்தில் தொடங்கிவிடலாம். முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். ஆர்டர் நிலைத்துப் பெரிய இயந்திரம் தேவைப்படும் காலத்தில், 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டம் போன்றவற்றைப் பார்க்கலாம். அதில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். மானியம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பெரிய ஓவன் வாங்குவது தவறு. ஆர்டர் முன்னால் வர வேண்டும், இயந்திரம் பின்னால்.

முதல் நாள் விற்கவில்லையே என்று மனம் உடைகிறவர்களுக்குப் பாட்ரிசியா நாராயணனைத் தெரிந்திருக்க வேண்டும். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் என்று வீட்டில் செய்து, அம்மாவின் அலுவலகத்தில் விற்கக் கொடுத்துத் தொடங்கியவர். 1982-ல் சென்னை மெரினாவில் தள்ளுவண்டி போட்ட முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசுக்கு. மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அலுவலகக் கேன்டீன்கள், உணவகங்கள் என்று வளர்ந்து 2010-ல் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கியின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதை வாங்கினார். பம்பாயில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டதுதான் லிஜ்ஜத் நிறுவனத்தின் தொடக்கம். அவர்களும் செய்தது ஒரே பண்டம். அப்பளத்தில் நன்றாக ஊன்றி நின்ற பிறகே வேறு சரக்குக்குக் கை நீட்டினார்கள்.

தனியாகத் தொடங்குவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்வது நல்லது என்பதற்கும் லிஜ்ஜத்தே சாட்சி. ஒரே தெருவில் மூன்று பெண்கள் மூன்று ஓவன் வாங்கி, ஒருவர் விலையை ஒருவர் குறைத்துக்கொண்டு போனால் மூவருக்கும் கூலி மிஞ்சாது. ஒருத்தி கேக், ஒருத்தி பிஸ்கட், ஒருத்தி ரொட்டியும் பன்னும் என்று பிரித்துக்கொண்டு, வெண்ணெயையும் மைதாவையும் மொத்தமாக வாங்கினால் சாமான் செலவிலேயே மிச்சம் தெரியும். மகளிர் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்.

கேக் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள்; சாமான் வாங்கிய பிறகு “பிள்ளைக்குக் காய்ச்சல், கேக் வேண்டாம்” என்றால் அந்த நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்கு அந்த வீட்டில் முதல் இல்லை. பெட்டியில் பதிவு எண் இருக்கிறதா, பச்சை வட்டமா பழுப்பு முக்கோணமா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்டால்தான் போடுவார்கள். விலை கட்டுப்படவில்லை என்றால் அரைக் கிலோ வாங்குங்கள். சொந்தக்காரி, எதிர் வீட்டுக்காரி என்பதற்காகச் சொன்ன விலையில் ஒரு ரூபாயும் குறைக்கக் கேட்காதீர்கள்.